செவியை அளந்த வரலாறு

புனே மாநகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றுக்கு அருகில், நகர் சாலையை ஒட்டிக் கராடி என்னும் ஊர் இருக்கிறது. முன்னாளில் அது வயல்கள் சூழ்ந்த சிற்றூர். இன்று வானளாவிய கட்டடங்களும் கணிப்பொறி நிறுவனங்களும் நிறைந்து, நம்மவர் பலர் குடும்பத்தோடு குடியேறியுள்ள நகர்ப்பகுதியாகிவிட்டது. மக்கள் பணிக்கு வந்தார்கள்; பின்னர் அவர்களுடைய பெற்றோர் வந்தார்கள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மகன் வீட்டிற்கு வந்த மூதாட்டி ஒருவரை நாங்கள் அறிவோம். பேசுவது காதில் விழுகிறது, ஆனால் இன்ன சொல் என்று விளங்கவில்லை என்பது அவர் குறை. மகன் ஒரு சோதனை நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். பிறகு சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லுமாறு கேட்டார்கள். மூதாட்டியால் கால் பங்கு சொற்களைக்கூடத் திருப்பிச் சொல்ல இயலவில்லை. "சொற்களைப் பிரித்தறியும் ஆற்றல் மிகக் குறைவு, கருவி பொருத்தினாலும் பெரும்பயன் இராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சொல்லப்பட்ட சொற்கள் இந்தியும் ஆங்கிலமும். மூதாட்டிக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றே.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதை உணர வேண்டுமானால், மனிதன் செவியை அளக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சிறிது பின்னோக்கிக் காணவேண்டும். கண்ணின் குறையை எழுத்துப் பலகை ஒன்றை மாட்டி அளந்துவிடலாம். செவியின் குறையோ அவ்வளவு எளிதில் அகப்படவில்லை. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அந்தக் கேள்வி ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் வழி மிக அண்மையில்தான் கிடைத்தது.

பழைய மருத்துவர்களிடம் இருந்த கருவிகள் இரண்டே: தம் குரலும் தம் கடிகாரமும். நோயாளியை ஓர் அறையின் கோடியில் நிறுத்தி மெல்லப் பேசுவார்கள். எத்தனை அடி தூரத்தில் கேட்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். குரல் ஆளுக்கு ஆள் மாறும், அறைக்கு அறையும் மாறும். ஆகவே ஒரு மருத்துவர் கண்டதை மற்றொருவர் ஒப்பிட இயலாது. எனினும் இந்த எளிய முறையைக் கொண்டே பெரிய உண்மை ஒன்று வெளிப்பட்டது. 1713இல் இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் நாளெல்லாம் செம்பைத் தட்டித் தட்டி முதுமையில் முற்றிலும் செவிடாகிப் போவதை எழுதி வைத்தார். 1886இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைக் கடிகாரத்தின் டிக் ஒலியால் சோதித்தார். அவர்களில் ஒருவருக்கேனும் செவி பழுதின்றி இருக்கவில்லை. நம் ஊர்ப் பாத்திரக் கடைத்தெருவை நினைத்துப் பார்த்தால் இது வியப்பாயிராது.

இசைக்கவை என்னும் இரும்புக் கவை செவிச் சோதனைக்கு வந்தது ஒரு நல்ல திருப்பம். 1711இல் லண்டனில் ஜான் ஷோர் என்னும் இசைவாணர் வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டவென்று செய்தது அது. தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும். யார் தட்டினாலும் சுருதி மாறாது. ஜெர்மனியில் 1834இல் வெபர் அதை நெற்றியின் நடுவில் வைத்து ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று ஆராய்ந்தார். 1855இல் ரின்னே அதைக் காதின் பின்னெலும்பில் வைத்து, ஒலி நின்றவுடன் காதின் முன்னே பிடித்தார்.

இந்த இரண்டு சோதனைகளின் நுட்பத்தைச் சற்றே விளக்க வேண்டும். ஏனெனில் இன்றும் கராடியில் ஒரு காது மருத்துவரிடம் சென்றால், மின்கருவியைத் தொடுவதற்கு முன் அவர் இந்தக் கவையைத்தான் கையில் எடுக்கக் கூடும். ஒலி உள்ளே செல்ல இரு வழிகள் உள. ஒன்று காற்றின் வழி: புறச்செவி, செவிப்பறை, அதன் பின்னுள்ள மூன்று சிற்றெலும்புகள். மற்றொன்று மண்டையோட்டு எலும்பின் வழி. இது நேரே உட்செவியைச் சென்று சேரும். காற்றுவழி ஒலி எலும்புவழி ஒலியைவிட நெடுநேரம் கேட்டால் வாயிலில் தடையில்லை என்பது பொருள். எலும்புவழியே நன்கு கேட்டால், குறும்பி அடைப்போ, சீழோ, சிற்றெலும்பின் இறுக்கமோ வாயிலை மறித்திருக்கிறது. இத்தகைய குறையை மருந்தாலோ அறுவையாலோ பெரும்பாலும் சீர் செய்யலாம். உட்செவியோ நரம்போ தேய்ந்திருந்தால் வழி வேறு. ஆக, எவ்வளவு செவிடு என்பதோடு எங்கே செவிடு என்பதையும் கண்டறிய அந்த இரும்புக் கவை கற்றுக் கொடுத்தது.

அளவு என்பது மின்சாரத்தோடுதான் வந்தது. 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசியைக் கண்டார். அவருடைய தாயாரும் மனைவியாரும் செவிப்புலன் இழந்தவர்கள். அவரே காது கேளாதோர்க்குக் கற்பித்த ஆசிரியர். தொலைபேசி வந்து மூன்று ஆண்டுகளுக்குள், 1879இல், டேவிட் ஹியூஸ் என்பவர் மின்சுருளால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல செவியளவி ஒன்றை லண்டனில் காட்டினார். ஆயினும் அவை ஆய்வுக்கூடத்தின் அரிய பொருள்களாகவே நின்றன. வெற்றிடக் குழல் என்னும் வால்வு வந்த பிறகே ஒலியை விரும்பிய சுருதியில், விரும்பிய அளவில், தடுமாற்றமின்றி எழுப்ப முடிந்தது.

வானொலியையும் தந்தது இந்த வால்வே. அமெரிக்காவில் வானொலி ஒலிபரப்பு தலையெடுத்த அதே காலத்தில், 1922இல், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் முதல் வணிகச் செவியளவியை வெளியிட்டது. அது அலமாரி போன்ற பெரும் கருவி. விலையோ மருத்துவமனைகள் அஞ்சும்படி இருந்தது. 1924இல் சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் வானொலிக் கழகம் நடத்தி ஒலிபரப்பத் தொடங்கினர். ஆகவே நம் முன்னோர் முதன்முதலில் வானொலிப் பெட்டியின் முன் செவி சாய்த்த காலமும், மேனாட்டார் வால்வுக் கருவியால் செவியை அளக்கத் தொடங்கிய காலமும் ஒன்றே. செவியளவியும் வானொலியும் உடன்பிறந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

தொலைபேசிப் பொறியாளர்கள் ஒலியின் அளவுக்கு ஒரு பெயர் தேடி, பெல்லின் பெயரை வைத்தார்கள். ஒரு பெல்லின் பத்தில் ஒரு பங்கு டெசிபெல். இதன் கணக்கு சற்று விந்தையானது. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு. ஆகவே "சோதனையில் 30 வந்தது, 60 வந்தது, இரு மடங்குதானே" என்று யாரும் எண்ணிவிடலாகாது. சுழி டெசிபெல் என்பதும் ஒலியே இல்லாத நிலையன்று. குறையற்ற இளைஞர்கள் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் சராசரி அது. அதற்கும் கீழே கேட்கும் கூரிய செவிகளும் உண்டு.

1926ஐ ஒட்டி அமெரிக்கப் பள்ளிகளில் வேறொரு முயற்சி நடந்தது. இசைத்தட்டிலிருந்து எண்களைப் படிக்கும் குரல் வரவர மங்கிக்கொண்டே போகும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் காதில் குழல் வைத்துக் கேட்டதைத் தாளில் எழுதுவார்கள். மந்தமான மாணவன் என்று அடி வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் உண்மையில் காது மந்தமானவர்கள் என்பது அப்போது தெரிந்தது.

பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. பீரங்கி முழக்கத்தால் செவி இழந்து திரும்பிய படைவீரர்களுக்கென்றே அமெரிக்காவில் இராணுவ மருத்துவமனைகள் ஏற்பட்டன. பென்சில்வேனியாவில் அத்தகைய ஒன்றில் பணியாற்றிய ரேமண்ட் கார்ஹார்ட் இக்கலையை ஒரு தனித் துறையாக்கினார். 1944இல் ஹியூஸன், வெஸ்ட்லேக் இருவரும் காட்டிய முறையை அவரும் ஜெர்கரும் 1959இல் திருத்தி அமைத்தனர். கேட்டால் 10 டெசிபெல் இறக்கு, கேட்காவிட்டால் 5 ஏற்று என்பதே அதன் சாரம். மாடிப்படியில் இருட்டில் காலால் தடவித் தடவி இறங்கி, கடைசிப் படி எது என்று காண்பது போன்றது. இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுவது இதுவே. உட்செவியின் உள்ளே ஒலி எப்படி அலையாய்ப் பரவுகிறது என்று கண்ட ஹங்கேரி நாட்டவர் ஃபான் பெக்கெஸி 1961இல் நோபல் பரிசு பெற்றார். மேற்சுருதி உட்செவிச் சுருளின் வாயிலிலும் கீழ்ச்சுருதி அதன் கோடியிலும் பதிகின்றன என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. முதுமையில் மேற்சுருதியே முதலில் மங்குகிறது என்பதை அதனோடு சேர்த்து வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். மூதாட்டியின் வழக்கு இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டின் கதை இதற்குப் பின் தொடங்குகிறது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பம்பாயில் 1880களிலேயே பள்ளி தோன்றியது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்ஸன் அம்மையார் 1890களில் நிறுவிய பள்ளி தென்னாட்டார்க்கு நன்கு தெரிந்தது. ஆனால் சோதனைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இங்கேயே உருவாவதற்கு 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கப்பட வேண்டியிருந்தது. அதே காலத்தில் பம்பாய் நாயர் மருத்துவமனையிலும் பயிற்சி தொடங்கியது. 1983இல் பம்பாயின் பாந்த்ராவில் அலி யாவர் ஜங் பெயரால் தேசிய நிறுவனம் ஏற்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இத்தொழிலைச் செய்வோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற வேண்டும் என்று வகுத்தது. ஆகவே சோதனைக்குச் செல்வோர் முதலில் அந்தப் பதிவு உண்டா என்று கேட்பதில் பிழையில்லை. கருவி விற்கும் கடையில் விற்பனையாளரே சோதிப்பதும் உண்டு. அதை நாம் சோதனை என்று எண்ண மாட்டோம்.

புனே வட்டாரத் தமிழர்க்கும் இரைச்சலுக்கும் உறவு பழையது. கட்கியில் 1869இல் எழுந்த வெடிமருந்துத் தொழிற்சாலையும், இராணுவப் பண்டகசாலைகளும் நம்மவர் பலரை இங்கே அழைத்து வந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிக்குறையையும் கொண்டிருந்தது. அந்நாளில் அதைச் சம்மட்டியும் இயந்திரமும் செய்தன. இன்று கராடியில் இளைஞர்கள் எட்டு மணி நேரம் செவியில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒலிவாங்கிகள் அதைச் செய்ய வல்லவை. அளவைத் தாமே ஏற்றிக்கொள்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. இரைச்சலின் கைத்தடம் சோதனைத் தாளில் தனியே தெரியும். 4000 ஹெர்ட்ஸ் சுருதியருகில் கோடு திடீரென்று பள்ளத்தில் இறங்கி, 8000த்தில் மீண்டும் சற்றே ஏறும்.

இனிச் சோதனை அறைக்குள் செல்வோம். முந்தின நாள் உரத்த ஒலியில் இருக்கலாகாது. கணபதி ஊர்வலத்தில் தோல்-தாஷாவின் பக்கத்தில் நின்றுவிட்டு மறுநாள் காலையில் போனால், தற்காலிகமாக மங்கிய செவியையே அளந்துகொண்டு வருவோம். முதலில் சிறு விளக்கால் காதின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகே மற்றவை. பிறகு ஓசை புகாத சிற்றறை. கண்ணாடிக்கு அப்பால் சோதிப்பவர் இருப்பார். தலையில் ஒலிக்குழல் பூட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். எவ்வளவு மெல்லியதாய்க் கேட்டாலும் உடனே பொத்தானை அழுத்தவேண்டும். பலர் "தெளிவாகக் கேட்கட்டும்" என்று காத்திருக்கிறார்கள். அதனால் குறை உள்ளதைவிடப் பெரிதாகத் தாளில் ஏறிவிடும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக, ஒவ்வொரு காதாகச் சோதிப்பார்கள். அடுத்துக் காதின் பின்னெலும்பில் ஓர் அதிர்வி வைப்பார்கள். இது ரின்னேயின் கவை மின்சாரம் பூண்டு வந்தது. ஒரு காதைச் சோதிக்கையில் மறு காதில் மழைபோல் "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சலை விடுவதும் உண்டு. நல்ல காது கெட்ட காதுக்காகச் சாட்சி சொல்லிவிடாதபடி செய்யும் ஏற்பாடு அது.

தாளில் வலக்காது சிவப்பு வட்டம், இடக்காது நீலப் பெருக்கல்குறி. கோடு கீழே இறங்க இறங்கக் குறை மிகுதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகுப்பின்படி 20 டெசிபெல்லுக்குள் இருந்தால் குறையில்லை. 35 வரை சிறு குறை. 50 வரை நடுத்தரம். அதன் மேல் கடுமை படிப்படியாக ஏறும். சில நிலையங்கள் பழைய வகுப்பையே கொண்டு 25 வரை குறையில்லை என்று எழுதுகின்றன. எண்ணைப் பார்க்கவேண்டுமேயன்றிச் சொல்லை மட்டும் பார்த்து அஞ்சுவதோ மகிழ்வதோ கூடாது.

செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனையில் காதில் மென்மையான அடைப்பான் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். விமானம் இறங்கும்போது காது அடைப்பது போலிருக்கும், வலியில்லை. பச்சிளங்குழந்தைக்கு வேறு வழி. உட்செவி ஒலியைப் பெறுவதோடு தானும் மிக மெல்லிய ஒலியை வெளிவிடுகிறது. 1948இலேயே தாமஸ் கோல்ட் இப்படி இருக்கவேண்டும் என்று ஊகித்தார்; ஒருவரும் செவிசாய்க்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் அதை அளந்தே காட்டினார். குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் அதைச் சோதித்துவிடலாம். அதில் ஐயம் எழுந்தால் தலையில் மின்முனைகள் ஒட்டி நரம்பின் வழியே செய்தி மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை பிறந்த மருத்துவமனையிலேயே இதைக் கேட்டுப் பெறுவது நன்று. பேச்சு வரவில்லையே என்று இரண்டு வயது வரை காத்திருந்து வருந்திய பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம்.

எஞ்சியது சொற்சோதனை. இதுவரை கண்டவை எல்லாம் மொழியறியாதவை. வெறும் சுருதிக்கு மராத்தியும் தமிழும் ஒன்றே. சொற்சோதனை அப்படியன்று. ஆங்கிலச் சொற்பட்டியல்கள் 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் செப்பம் செய்யப்பட்டன. ஒரு மொழியில் எந்த ஒலி எவ்வளவு வழங்குகிறதோ அந்த விகிதத்தில் சொற்களைத் தேர்ந்து, கேட்பவர் அன்றாடம் அறிந்த சொற்களாகவே அடுக்குவார்கள். அறியாத சொல்லைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டால் அளக்கப்படுவது செவியன்று, படிப்பு. ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனிப்பட்டியல் வேண்டும். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லாமற்போகவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1976ஆம் ஆண்டு முதுகலை ஆய்வேடாகவே தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று செப்பம் செய்து அளிக்கப்பட்டது. பின்னரும் பலர் இத்துறையில் உழைத்திருக்கின்றனர்.

தமிழ்ச் சொற்களில் முதியோர்க்கு எங்கே இடறும் என்பதை எண்ணிப் பாருங்கள். பல், பால் என்னும் குறில்நெடில் வேறுபாடு கீழ்ச்சுருதியில் நிற்பது. அது அவர்களுக்குத் தப்பாது. பட்டு, தட்டு, கட்டு என்பவற்றின் முதலெழுத்தோ ஒரு நொடியின் சிறு கூறில் மேற்சுருதியில் தோன்றி மறைவது. மேற்சுருதி மங்கிய செவிக்கு மூன்றும் ஒன்றே. "காது கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று அந்த மூதாட்டி சொன்னது மருத்துவ நூலில் எழுதத்தக்க வருணனை. கருவி செய்யக்கூடிய உதவியும் பெரும்பாலும் இங்கேதான். தாய்மொழியில் வாழ்ந்த செவிக்கு, முதலெழுத்து கொஞ்சம் கிடைத்தாலும் போதும், மற்றதை நினைவு நிரப்பிக்கொள்ளும். தெரியாத மொழியில் நிரப்புவதற்கு நினைவே இல்லை.

புனேயில் சோதிப்பவர் தமிழ் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாதுதான். அதற்கும் வழிகள் உண்டு. பதிவு செய்த தமிழ்ச் சொற்பட்டியலை ஒலிக்கச் செய்து, தமிழ் தெரிந்த ஒருவரை உடன் வைத்து விடைகளைக் குறிக்கலாம். அல்லது சொல்லுக்குரிய படங்களை முன்வைத்து விரலால் சுட்டச் செய்யலாம்; அப்போது சோதிப்பவர்க்குத் தமிழ் தேவையே இல்லை. இரண்டும் இயலாவிட்டால் சொற்சோதனை தாய்மொழியில் செய்யப்படவில்லை என்று தாளில் குறிக்கச் சொல்ல வேண்டும். நாள் குறிக்கும்போதே, "எங்கள் தாயாருக்குத் தமிழ்தான் தெரியும்" என்று சொல்லிவிடுதல் நலம். அறைக்குள் சென்றபின் அதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஊனச் சான்றிதழுக்காகச் செல்வோர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இரு காதுகளிலும் பேச்சுச் சுருதிகளில் 60 முதல் 70 டெசிபெல் இழப்பைக் குறைகேள்வி என்றும், 70 இழப்பைச் செவிட்டுத்தன்மை என்றும் வரையறுக்கிறது. கணக்கு சுருதியைக் கொண்டே போடப்படுகிறது என்றாலும், பொத்தானை எப்போது அழுத்தவேண்டும் என்பதைத் தமிழில் விளக்குவார் இல்லாமல் முதியோர் தடுமாறுவதை நாம் கண்டிருக்கிறோம்.

மூதாட்டியை மறுபடி சோதித்தார்கள், வேறு நிலையம். சோதித்த பெண் மராத்தியர். பெயர்த்தி தமிழ்ப் பட்டியலைக் கையில் வைத்துக் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்தாள்; விடுமுறையில் பாட்டியிடம் தமிழ் எழுத்துக் கற்ற பிள்ளை அவள். சுருதிக் கோடு முன்போலவே இறங்கியிருந்தது, அதில் மாற்றமில்லை. சொற்களில் மட்டும், கால் பங்குக்குக் கீழே இருந்தவர் பாதிக்கு வெகு மேலே போய்விட்டார். பட்டுக்குத் தட்டு என்றும், கிளிக்குப் புளி என்றும் சிலவற்றைத் தவறாகச் சொன்னார். அந்தத் தவறுகளை வைத்தே கருவியில் எந்தச் சுருதியை எவ்வளவு உயர்த்துவது என்று அந்தப் பெண் முடிவு செய்தார். இரு காதுகளுக்கும் கருவி பொருத்தி ஒரு திங்களுக்கு மேலாகிறது. பாத்திரம் உரசும் ஒலி பொறுக்கவில்லை என்று அடுப்படியில் மட்டும் கழற்றி வைத்துவிடுகிறாராம். அதைச் சரிசெய்ய வருகிற புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.